பக்கத்துத் தெருவா, வேலூரா?



திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களில், கைக்குழந்தை இருக்கும் எந்த வீட்டிற்குப் போனாலும் ஒரு கேள்வி காதில் விழுகிறது. "குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் இங்கேயே காட்டுவதா, வேலூருக்குக் கொண்டு போவதா?" சிலருக்கு வேலூர், சிலருக்குச் சென்னை. பிரசவத்திற்குத் தாய் வீடு போய்வந்த பெண்கள் சிலர், "அடுத்த ஊசியையும் ஊருக்குப் போகும்போது போட்டுக் கொள்ளலாம்" என்று தள்ளி வைக்கிறார்கள். இவர்கள் கவலையற்றவர்கள் அல்லர். வேலை நிமித்தம் வந்த இடம், வீட்டில் பெரியவர்கள் இல்லை, தெலுங்கு சரளமாக வரவில்லை. தெரிந்த இடத்தை மனம் தேடுவது இயற்கையே.

நான் டாக்டர் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, ரயில் பெட்டிகளைப் பராமரித்து, ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் எனக்கு வாய்த்த உத்தியோகம், இரண்டு பேரக் குழந்தைகளை ஊசிக்கும் ஜுரத்திற்கும் தூக்கிக்கொண்டு போவது. ஆகவே இங்கே வைத்தியம் சொல்லப் போவதில்லை. எந்தக் காரியத்திற்கு எந்த இடம் என்று பிரித்துப் பார்க்கும் முறையை மட்டும் சொல்கிறேன்.

வேலூர் மேல் ஏன் இந்த நம்பிக்கை?

இந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. 1911 வரை சித்தூரும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். சித்தூர்தான் அதன் தலைநகர். மாவட்டம் பிரிந்தாலும், 1953இல் மொழிவாரி மாநிலம் வந்தாலும், சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர்தான். அங்கே டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வைத்தியசாலை, சி.எம்.சி. என்ற பெரும் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை முதன்முதலில் வெற்றிகரமாக நடந்ததும் அங்கேதான், 1971இல். நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் நோயாளிகள் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குவதை நாம் பார்க்கிறோம்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த சி.எம்.சி.யே வேலூர் சுற்றுவட்டார மக்களின் அன்றாட வைத்தியத்திற்கென்று பாகாயத்தில் சமுதாய நல மருத்துவமனை ஒன்றைத் தனியாக நடத்துகிறது. நகரத்து ஏழை மக்களுக்குக் குறைந்த செலவுப் பிரிவு ஒன்றும் வேறாக இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றே போதும் என்று அவர்களே நினைக்கவில்லை. சளிக்கும் ஊசிக்கும் ஓரிடம், சிக்கலான நோய்க்கு வேறிடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம்தான் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொண்டு போய் நிறுத்துகிறோம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சொந்த டிப்போ

ரயில் பெட்டியின் கோடிச் சுவரை யாராவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பெட்டி எந்த டிப்போவைச் சேர்ந்தது, கடைசியாக எந்த ஒர்க்ஷாப்பில் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது, திரும்ப எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் எழுதியிருக்கும். பெட்டி நாடெங்கும் ஓடும்; ஆனால் அதன் கணக்கு ஒரே டிப்போவில் இருக்கும். பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளுக்கு மாதம் ஒருமுறை 'ஏ', மூன்று மாதத்திற்கு ஒருமுறை 'பி', ஆறு மாதத்திற்கு ஒருமுறை 'சி' என்று அட்டவணைப்படி சோதனை செய்வோம். பெட்டியைத் தூக்கி, போகியைக் கழற்றிச் செய்யும் பெரிய வேலைக்குத்தான் நம் திருப்பதி கேரேஜ் ரிப்பேர் ஷாப் போன்ற ஒர்க்ஷாப்.

பிரேக் கட்டை தேய்ந்ததற்கெல்லாம் பெட்டியை ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினால் அங்கே வேலை தேங்கும்; பெட்டியும் நாட்கணக்கில் நிற்கும். அதைவிட முக்கியம், அந்தப் பெட்டி போன மாதம் எப்படி இருந்தது என்பது டிப்போக்காரருக்குத்தான் தெரியும். ஒரு சக்கரம் மெல்ல மெல்லத் தேய்வதை, தொடர்ந்து அளந்து வருபவர்தான் கண்டுபிடிப்பார். ஒருநாள் மட்டும் பார்ப்பவருக்கு அது சாதாரணச் சக்கரமாகவே தெரியும்.

குழந்தை இயந்திரம் அல்ல. ஆனால் இந்த நியாயம் குழந்தைக்கும் பொருந்தும். பிறந்த எடை ஏறக்குறைய ஐந்தாவது மாதத்தில் இரண்டு மடங்காகவும், ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆக வேண்டும். இந்த ஏற்றம் எங்கே நின்றது என்பதை மாதாமாதம் எடை பார்த்துக் குறித்தவர்தான் சொல்ல முடியும். மூன்று ஊரில் மூன்று டாக்டர் பார்த்த குழந்தைக்கு மூன்று சீட்டு இருக்கும். ஆனால் அதன் வளர்ச்சியை முழுதாக அறிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஒரே மாதத்தில் இரண்டு ஊரில் இரண்டு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டதும் ஒருவருக்கொருவர் தெரியாது.

நம் வட்டாரத்தில் எது எதற்கு?

2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். ஆகவே இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இப்போது தனித்தனி மாவட்ட நிர்வாகம். இருக்கும் இடங்களை நான்கு படிகளாகப் பிரிக்கலாம்.

முதல் படி, ஆரம்ப சுகாதார நிலையமும் அதன் துணை நிலையங்களும். தடுப்பூசி, எடை, வைட்டமின் 'ஏ' எல்லாம் இங்கே இலவசம். "ஆந்திராவில் எங்களுக்குப் போடுவார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1985இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டம் நாடு முழுவதற்கும் பொது. சொந்த ஊர், ரேஷன் கார்டு எதுவும் தடை அல்ல.

இரண்டாம் படி, வீட்டிற்கு அருகிலுள்ள குழந்தை டாக்டர். சளி, ஜுரம், பேதி, சொறி, காது வலி எல்லாம் இவருக்கு உரியவை. ரயில்வேயில் பணியில் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு ரயில்வே ஹெல்த் யூனிட் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட தொழிற்சாலை ஊழியர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, குடும்பமும் அதில் அடங்கும். சம்பளத்தில் பிடித்தம் செய்த பணம் நம்முடையது. அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம்.

மூன்றாம் படி, இரவிலும் டாக்டர் இருக்கும் பொது மருத்துவமனை. சித்தூரில் அரசு மாவட்ட மருத்துவமனை, திருப்பதியில் ரூயா. ரூயா, 1960இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. கூட்டம் அதிகம், உண்மைதான். ஆனால் நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் தேவைப்படுவது ஆக்சிஜனும் விழித்திருக்கும் டாக்டரும். சோபா போட்ட வரவேற்பறை அல்ல.

நான்காம் படி, சிறப்பு மருத்துவமனைகள். ஸ்விம்ஸ் 1993இல் செயல்படத் தொடங்கியதே சிறப்பு வைத்தியத்திற்காக. தேவஸ்தானத்தின் பர்ட், போலியோவால் கால் சூம்பிய பிள்ளைகளுக்கு அறுவை செய்து பெயர் பெற்றது. இன்றும் எலும்பு, மூட்டுச் சிகிச்சைக்கு உரிய இடம். அதன் பழைய கட்டடத்தில் 2021 அக்டோபரில் குழந்தைகளுக்கான இருதய மருத்துவமனை, ஸ்ரீ பத்மாவதி பெயரில் திறக்கப்பட்டது. வேலூர், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ஆகியவையும் இந்தப் படியில்தான்.

இந்த நான்காம் படிக்கு நேராக ஏறுவதைவிட, இரண்டாம் படி டாக்டர் கடிதம் கொடுத்து அனுப்பிப் போவதே நல்லது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தபோது கூடுதலாக ஓர் ஓசை கேட்டது என்று எழுதிய நான்கு வரிக் கடிதம், நம்முடைய அரைமணி நேர விளக்கத்தைவிட அங்கே அதிகம் பேசும்.

டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது

குழந்தை நன்றாக இருக்கும் நாளில், சாவகாசமாகப் போய்ப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய காரியம் இது. நான் பார்ப்பவை:

1. தூரம். அழுகிற குழந்தையுடன் பதினைந்து, இருபது நிமிடத்தில் போய்ச் சேர முடிய வேண்டும். திருப்பதிக்காரர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும்: பிரம்மோற்சவக் கூட்டத்தில் அலிபிரிப் பக்கம் போகும் சாலை என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். அந்த நாட்களிலும் எந்த வழியில் போகலாம் என்று பார்த்து வையுங்கள்.

2. படிப்பு. எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு குழந்தை மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி., அல்லது டி.சி.எச். இருக்கிறதா என்று பாருங்கள். டி.சி.எச். என்பது டிப்ளமோ, அதைக் குறைவாக எண்ண வேண்டாம். இதை ஒரு டிப்ளமோக்காரன் சொல்கிறான் என்று சிரிக்கவும் வேண்டாம்! பதிவு எண் சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும். கிராமப் பக்கம் 'ஆர்.எம்.பி.' என்ற பெயரில் ஊசி போடுபவர்கள் பலர் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். கைக்குழந்தையை அவர்களிடம் விட வேண்டாம்.

3. எடை. மருந்து எழுதுமுன் எடை பார்க்கிறாரா? குழந்தைக்கு மருந்தளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. பாரசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும்; சாதாரண சிரப்பில் ஒரு மில்லியில் சுமார் 25தான். நான்கு மடங்கு வித்தியாசம். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். எந்தப் பாட்டில், எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள்.

4. மருந்து வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரா? சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. அது வைரஸ் கிருமியைக் கொல்லாது. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவில், நச்சு கலந்த இருமல் சிரப்பால் குழந்தைகள் இறந்தது நம் நெஞ்சை உலுக்கிய செய்தி. அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதக் கூடாது, ஐந்து வயது வரை பொதுவாக வேண்டியதில்லை என்று அறிவுறுத்தியது. "மருந்தே கொடுக்காமல் அனுப்பிவிட்டார்" என்று அப்படிப்பட்ட டாக்டரைக் குறை சொல்லாதீர்கள், அவரை விட்டுவிடாதீர்கள்.

5. ஊசி மருந்தைக் காக்கும் முறை. இது இன்ஜினீயர் கண்ணுக்குத் தெரியும் சங்கதி. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடானாலும் கெடும், சில மருந்துகள் உறைந்தாலும் கெடும். தனி ஃபிரிட்ஜ், உள்ளே வெப்பமானி, கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம். அரசு மருந்துப் புட்டியில் ஒரு வட்டத்துக்குள் சதுரம் அச்சிட்டிருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சரி. வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ மீறிவிட்டாலோ அது வெப்பத்தில் கெட்டது; போடக் கூடாது.

6. இவர் ஊரில் இல்லாத நாளில் யாரிடம் போவது? இதற்கு நேராகப் பதில் சொல்பவர் பொறுப்பானவர்.

இரண்டு மாநிலத்துக்கு நடுவில் ஊசி அட்டை

எங்கள் தெருவில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. குழந்தைக்கு முதல் ஊசிகள் அங்கே, தமிழ் அட்டையில். அடுத்தவை இங்கே, தெலுங்கு அட்டையில். ஒன்பதாம் மாத ஊசி எந்த அட்டையிலும் இல்லை. "அங்கே போட்டிருப்பார்கள்" என்று தகப்பனார், "இங்கே போட்டோம் போல" என்று தாயார். விசாரித்ததில் எங்குமே போடவில்லை. அது தட்டம்மைக்கான ஊசி. குழந்தைக்கு அப்போது பதினான்கு மாதம். ஐந்து மாத காலம் காப்பே இல்லாமல் இருந்திருக்கிறது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை; மறுவாரமே போட்டார்கள்.

ஆகவே அட்டவணையை இங்கே தருகிறேன். வெட்டி வைத்துக் கொள்ளுங்கள்.

பிறந்தவுடன்: பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்திற்குள் ஹெபடைடிஸ் 'பி'.
6, 10, 14 வாரம்: பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), போலியோ சொட்டு, ரோட்டா வைரஸ் மருந்து. 6, 14 வாரங்களில் இவற்றுடன் போலியோ ஊசியும் நிமோகாக்கல் ஊசியும்.
9 முதல் 12 மாதம்: தட்டம்மை–ரூபெல்லா முதல் ஊசி, நிமோகாக்கல் பூஸ்டர், போலியோ ஊசி மூன்றாம் தவணை, வைட்டமின் 'ஏ'.
16 முதல் 24 மாதம்: தட்டம்மை–ரூபெல்லா இரண்டாவது, முத்தடுப்பு பூஸ்டர், போலியோ சொட்டு பூஸ்டர். வைட்டமின் 'ஏ' ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை.
5 முதல் 6 வயது: முத்தடுப்பு இரண்டாம் பூஸ்டர்.
10, 16 வயது: டி.டி.க்குப் பதிலாக இப்போது வந்துள்ள டி.டி. பெரியவர் வகை, அதாவது ரணஜன்னியுடன் தொண்டை அடைப்பானையும் தடுக்கும் ஊசி.

மூளைக் காய்ச்சலுக்கான ஊசி, நோய் காணப்படும் மாவட்டங்களில் மட்டும் போடப்படுகிறது; மாவட்டம் மாறி வந்தவர்கள் கேட்டுத் தெரிந்து கொள்ளவும். ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திட்டு வாங்குவோமே என்று பயந்து போகாமல் இருப்பதுதான் கெடுதல்.

அட்டை தெலுங்கில் இருந்தால் என்ன? தேதி எண்ணில் இருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு நோட்டு வைத்து, எங்கே ஊசி போட்டாலும் தேதி, ஊசியின் பெயர், எடை மூன்றையும் தமிழில் எழுதிவிடுங்கள். அரசின் யூ-வின் கணினிப் பதிவில் குழந்தையைச் சேர்த்துவிட்டால், ஊர் மாறினாலும் கணக்கு தொடரும்.

சொல் மாறினால் நோய் மாறும்

டாக்டருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சௌகரியம். சித்தூரில் பலருக்குத் தெரியும். ஆனால் தமிழ் தெரிந்தவர் என்பதற்காகவே தூரத்து டாக்டரிடம் போக வேண்டாம். பத்துச் சொற்களைக் கற்றுக்கொண்டால் போதும். அதிலும், ஒரே மாதிரி ஒலித்துப் பொருள் மாறும் சொற்களில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

நமக்கு 'ஆயாசம்' என்றால் களைப்பு. தெலுங்கில் அது மூச்சு வாங்குவது. களைத்துக் கிடக்கும் குழந்தைக்கு "ஆயாசமாக இருக்கிறது" என்றால், டாக்டர் இழுப்பு என்று எடுத்துக் கொள்வார். அவர் "ஆயாசம் உந்தா?" என்று கேட்கும்போது, "இல்லை, நன்றாகத்தான் விளையாடுகிறான்" என்று நாம் சொன்னால் அதைவிட ஆபத்து. களைப்புக்கு அங்கே 'நீரசம்' என்பார்கள். நாம் 'கடுப்பு' என்றால் சீதபேதியின் வலி. அவர்கள் 'கடுபு' என்றால் வயிறுதான். 'ரொம்ப' என்றால் நமக்கு அதிகம். அவர்களுக்கு 'ரொம்ப' ஜலதோஷம். இருமல் 'தக்கு', வாந்தி 'வாந்துலு', பேதி 'விரேசனாலு', தட்டம்மை 'தட்டு', மஞ்சள் காமாலை 'காமெர்லு'. சொல் வராவிட்டால் தொட்டுக் காட்டுங்கள்; எத்தனை முறை, எப்போதிலிருந்து என்பதை எண்ணில் சொல்லுங்கள். எண் எந்த மொழியிலும் பொய் சொல்லாது.

காத்திருக்கக் கூடாத வேளை

பக்கத்து டாக்டர் போதும் என்று சொன்னேன். அவருக்கும் காத்திராமல் மூன்றாம் படிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் உண்டு. குழந்தை பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, உதடு நீலம் பூப்பது, மூச்சு விடும்போது விலாவின் கீழ் உள்ளே இழுப்பது. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஜுரம் இருந்தாலே உடனே போக வேண்டும்.

மூச்சை எண்ணுவது நாமே செய்யக் கூடியது. குழந்தை அழாமல் இருக்கும்போது வயிற்றைப் பார்த்து, கடிகாரத்தில் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அன்றே டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

பேதி என்றால் உப்பு–சர்க்கரைப் பொட்டலம், ஓ.ஆர்.எஸ்.; பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் அதற்கு ஈடல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

இப்படிப்பட்ட நேரத்தில் சித்தூரிலிருந்து வேலூருக்கோ, திருப்பதியிலிருந்து சென்னைக்கோ டாக்சி பேச வேண்டாம். திருப்பதி–சென்னை 130 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஆக்சிஜன் கிடையாது. முதலில் 108ஐ அழைத்து அருகிலுள்ள மருத்துவமனை. நிலைமை தேறிய பிறகு, தேவையானால் அவர்கள் அனுப்பும் இடம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதுங்கள்: நம் குழந்தை டாக்டர் யார், அவர் இல்லாவிட்டால் யார், இரவில் எந்த ஆஸ்பத்திரி, அடுத்த ஊசி எந்தத் தேதி. அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். புதிதாக வந்த குடும்பம் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், அவர்களுடைய தாளையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ஊரை விட்டு வந்த இடத்தில் தாத்தா பாட்டி செய்திருக்க வேண்டிய வேலை அது. சங்கத்துக்காரர்கள் நாம்தான் செய்ய வேண்டும்.